எடுப்பு

தூங்கிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.
இக்கேஜாவில், மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
இராக்கண் விழிக்கும் உத்தியோகம்,
அதுவும் அரைச் சம்பளத்துக்கு.

ஒன்றரை மணிக்கு மெம்ஃபிஸ்காரர் ஒருவரை அழவிட்டேன்.
ஊதுகுழல்கள் பின்னால் நின்று அவர் தோளைத் தட்டின.
அப்புறம் கொட்டொனூவிலிருந்து ஒரு ஃபங்க்.
அதன் பேஸ் கிட்டார், சுவர்க் காலண்டரை
ஆணியோடு ஆட்டியது.
இரண்டு பத்துக்கு அந்த ஆஃப்ரோபீட்:
ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி, பதினேழு நிமிடம்.
அட்டையில் தலைவன் மட்டும், தொப்பியும் தங்கப் பல்லுமாக.
பதினேழு நிமிடம் இருக்கிறதே, மூடிக்கொள்ளலாம் என்று
கண் முடிவு செய்தது. என்னைக் கேட்கவில்லை.

பிற்பாடு கணக்குப் போட்டேன்:
ஆறாம் நிமிடத்தில் ஊசி ஒரு கீறலில் இடறியிருக்கிறது.
அங்கிருந்து செக்குமாடு.
கிட்டார் அதே நாலு எட்டு. டிரம் அதே நொண்டல்.
சாக்ஸ் அதே கேள்வியைக் கேட்டு
அதே இடத்தில் மூச்சு வாங்குகிறது.

லாகோஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.
எப்படித் தெரியும்?
சுற்றிச் சுற்றி வருவதுதானே அந்தச் சங்கீதம்.
கீழே ஜெனரேட்டர் காவலாளி
நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்திருக்கிறான்,
தாளம் தப்பாமல்.

இரண்டு இருபத்தேழுக்குத் தொலைபேசி.
"எஃபியோங், ஊசி மாட்டியிருக்கு."
பெண்குரல். பின்னால் இரும்புக் கதவு திறந்து மூடும் ஓசை.
"இல்லையம்மா, பாட்டே அப்படித்தான்" என்றேன்.
கன்னத்தில் மேசையின் வரி பதிந்திருந்தது.

"பதினாறாம் ஆவர்த்தனத்தில் என் எடுப்பு.
பதினொரு நிமிஷமா
நான் இன்னும் வரலை."

அட்டையைத் திருப்பினேன்.
"தேடாதே, பேர் இருக்காது" என்றாள், பார்த்தவள்போல.
அபேகே. அகேகேவில் ரொட்டிச் சூளை.
அப்போது இருபத்திரண்டு வயது.
நாலு பெண்களுக்கு ஒரே மைக்.
எட்டவில்லை என்று இவளை மட்டும்
பீர்ப் பெட்டிமேல் நிறுத்தினார்களாம்,
கையில் ஷெக்கெரேயோடு.
கூலி, ஒரு தட்டுச் சோறும் பாதி மீனும்.
"மீன் நல்ல மீன்" என்றாள். நியாயம் பேசுகிறவள்.

சுண்டுவிரலால் ஊசியைத் தள்ளினேன்.
கரகரவென்று ஒரு சருகு மிதிபட்டது.
சாக்ஸ் கேட்டது, கடைசியாக.

ஏ!

சொல்கூட இல்லை. ஓரெழுத்து. அம்பு.
முப்பத்தொரு வருஷமும் பதினொரு நிமிஷமும்
பீர்ப் பெட்டிமேல் குதிகால் தூக்கி நின்றவள்
வந்து சேர்ந்தாள்.
பின்னாலேயே ஷெக்கெரே,
தகரக்கூரையில் முதல் மழை மாதிரி.

தொலைபேசியில் அவள் மூச்சு மட்டும்.
அழுகிறாளோ என்று நினைத்தேன்;
எனக்குத்தான் வேண்டியிருந்தது, யாராவது அழுவது.

"சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள்.
"அன்னைக்கே சொன்னேன், இன்னொரு தரம் பாடறேன்னு.
டேப்புக்குக் காசில்லைன்னுட்டாங்க."
பிறகு, "ரொட்டி கருகும். வைக்கிறேன்."

தட்டு முடிந்ததும் ஒலிபரப்பில் சொன்னேன்:
குரலும் ஷெக்கெரேயும், அபேகே.
சொன்ன பிறகு ஏனோ பயமாக இருந்தது.
முழுப் பெயரைக் கேட்க மறந்திருந்தேன்.

காலை ஆறரைக்கு, நான் செருப்பு மாட்டும்போது,
ஒரு டாக்சிக்காரர் கூப்பிட்டார்.
ராத்திரி முழுக்க ஓட்டிய தொண்டை.
"இரண்டு மணிக்குப் போட்டீர்களே, அந்த நீள வடிவம்.
சாக்ஸ் கேட்டுக்கொண்டே இருக்குமே,
யாரும் பதிலே சொல்லாமல்.
என்ன தைரியம்! அது எங்கே கிடைக்கும்?"

ஒரே பிரதிதான் ஐயா, என்றேன்.
அதிலும் கீறல்.